ஆஸ்பிரின் தெளிச்ச தக்காளிய புழு ஏன் கூடுதலா தின்னுச்சு: வாடிப்பட்டி பக்கம் ஒரு தோட்டத்து கேஸ்

கேஸ் இதுதான். வாடிப்பட்டி பக்கம் எங்க மாமா கால் ஏக்கர்ல தக்காளி போட்டிருந்தாரு, பிகேஎம் 1, கிணத்துப் பாசனம், புரட்டாசி நடவு. ஐப்பசி மழை கொஞ்சம் விட்டதும் புரோடீனியா புழு எறங்கிருச்சு. அது இந்தப் பக்கம் வழக்கமா வர்றதுதான், ஆனா இந்த தடவ தின்ன விதம்தான் புரியல. வயலுக்கு நடுவுல ஒரு வாய்க்கா ஓடுது, அதுக்கு மேக்க இருக்குற செடியெல்லாம் நரம்பும் காம்புமா நிக்குது, கிழக்க இருக்குற செடியிலயும் ஓட்டை இருக்கு, ஆனா செடி செடியா இருக்கு, பூ நிக்குது, பிஞ்சு பிடிக்குது. மாமா கேட்டது ஒரே கேள்விதான்: "ஒரே நாத்து, ஒரே நாள் நடவு, ஒரே கெணத்துத் தண்ணி, மேக்க மட்டும் எப்பிடி மாப்ள இப்பிடி வழிச்சுத் தின்னுருக்கு?"

ரெண்டு பக்கத்துக்கும் என்ன வித்தியாசம்னு தோண்டித் தோண்டி கேட்டப்ப வந்த பதில்தான் இத எழுத வச்சுச்சு. பக்கத்து வயல்ல கத்தரி, அதுல வெள்ளை ஈ மொய்க்குது, அது தக்காளிக்கு வந்தா இலைச்சுருட்டு வைரஸ் வந்துரும்னு பயந்து மாமா ஏதோ ஒரு வீடியோவுல சொன்னத நம்பி ஆஸ்பிரின் மாத்திரைய தண்ணியில கரைச்சு வாரம் ஒரு தடவ செடிக்கு தெளிச்சிட்டு வந்திருக்காரு, செடிக்கு எதிர்ப்புசக்தி கூடும்னு. கத்தரி வயல் மேக்க இருக்குறதால மேக்கால பக்கம் மட்டும் தெளிச்சிருக்காரு. டேங்குல மிச்சம் இருந்தத கீழ ஊத்த மனசில்லாம கிழக்கு ஓரத்துல ஒரே ஒரு பாத்தியில அடிச்சிட்டு வந்திருக்காரு. ஒவ்வொரு வாரமும் அதே பாத்திதான், ஏன்னா மோட்டார் ரூமுக்கு போற வழி அது.

அந்தப் பாத்திய தனியா போய் பாத்தேன். அக்கம்பக்கத்து பாத்தியவிட அது தெளிவா மோசமா இருந்துச்சு. அதவிட முக்கியமா நான் நெனைக்கிறது புழுவோட சைஸ். ஆஸ்பிரின் பட்ட செடியில இருந்த புழு கொழுகொழுன்னு, கிழக்க மத்த செடியில இருந்தது அதே குஞ்சு பொரிச்ச காலத்துல வந்ததா இருந்தும் மெலிஞ்சு சின்னதா, ஒரு இலையில நிக்காம இங்கிட்டும் அங்கிட்டும் அலைஞ்சுகிட்டு இருந்துச்சு.

மத்த காரணங்கள மொதல்ல தள்ளிப் பாக்கணும்

உடனே ஆஸ்பிரின் மேல பழிய போட்டுறக் கூடாது. புரோடீனியா தாய் அந்துப்பூச்சி முட்டைய ஒவ்வொண்ணா வைக்காது, இலைக்கு அடியில நூத்துக்கணக்கா குவியலா வச்சு மேல பழுப்பு ரோமத்த போட்டு மூடிட்டுப் போயிரும், அதனால ஒரு செடி காலி, பக்கத்து செடி முழுசுன்னு இருக்குறது இந்தப் பூச்சிக்கு சகஜம். ஆனா முட்டைக்குவியலு ரெண்டு பக்கமும் பரவலாத்தான் கெடந்துச்சு, கிழக்க வராமப் போகல, வந்தும் வளரல. அடுத்தது யூரியா. தண்ணி மொதல்ல மேக்கதான் பாயுது, கரைச்சுவிட்ட யூரியாவுல மேக்கால பக்கத்துக்கு கூடுதலா போயிருக்கும், தழைச்சத்து கூடுன இலை கொழகொழன்னு இருக்கும், புழுவுக்கு அது விருந்து. இது நியாயமான காரணம், மேக்கால பக்கத்த வச்சு மட்டும் பேசுனா நானே இதத்தான் சொல்லிருப்பேன். மூணாவது வெள்ளை ஈ, அதுவும் மேக்கதான் ஜாஸ்தி.

அந்த கிழக்கு ஓரத்து பாத்திதான் இந்த முடிச்ச அவுக்குது. அங்க யூரியா கூடுதலா போகல, வெள்ளை ஈ பேருக்குத்தான் இருந்துச்சு, ஆஸ்பிரின் மட்டும்தான் வித்தியாசம். ஒரு பாத்திய வச்சு ஊருக்கே தீர்ப்பு எழுத முடியாதுதான், ஆனா அந்த ஒரு பாத்தி சொல்றதும் தக்காளியில 50 வருஷமா லேபுல பாத்து வச்சிருக்கறதும் ஒரே திசையில போகுது. அதனாலதான் இத தைரியமா எழுதுறேன்.

புழு கடிச்சா தக்காளிக்குள்ள என்ன நடக்குது

செடி சும்மா நின்னு தின்னக் குடுக்குதுன்னு நெறைய பேர் நெனைக்கிறாங்க. இல்லவே இல்ல. 1972ல அமெரிக்காவுல வாஷிங்டன் ஸ்டேட் யுனிவர்சிட்டியில கிரீன், ரயன்னு ரெண்டு பேர் ஒரு விஷயத்த காட்டுனாங்க: தக்காளி, உருளைக்கிழங்கு இலைய வண்டு கடிச்சா, கடிபட்ட இலையில மட்டும் இல்லாம கடிபடாத மத்த இலையிலயும் ஒரு புரோட்டீன் சேர ஆரம்பிக்குது. அதுக்குப் பேர் புரோட்டினேஸ் இன்ஹிபிட்டர். புழுவோட குடல்ல டிரிப்சின், கைமோடிரிப்சின் மாதிரி என்சைம்தான் இலைப் புரோட்டீன ஒடைச்சு செரிக்க வைக்குது, இந்த இன்ஹிபிட்டர் போய் அந்த என்சைமோட வாயில அடைச்சு உக்காந்துரும். புழு வயிறு நெறைய தின்னும் ஒடம்புல ஒட்டாது. சாகாது, ஆனா வளராது. கிழக்க நான் பாத்த மெலிஞ்ச புழுவ இத வச்சுத்தான் புரிஞ்சுகிட்டேன்.

இது ஒண்ணு மட்டும் இல்ல. புழுவோட குடலுக்குள்ள போயும் வேலை செய்யுற செடியோட என்சைம் இருக்கு, ஆர்ஜினேஸ்னு ஒண்ணு, திரியோனின் டிஅமினேஸ்னு ஒண்ணு, இது ரெண்டும் புழுவுக்கு கட்டாயம் வேணுங்குற அமினோ அமிலத்த அது உறிஞ்சுறதுக்கு முன்னாடியே அழிச்சுருது, 2005ல இத தக்காளி இலை தின்ன புழு வயித்துலயே பாத்தாங்க. பாலிஃபீனால் ஆக்சிடேஸ் இன்னொண்ணு, அது இலைப் புரோட்டீன தரங்கெட்டதா மாத்திரும். அப்பறம் தக்காளிச் செடிய தொட்டா கையில பச்சையா பிசுக்குன்னு ஒட்டுமே, அந்த சுரப்பி ரோமம், அதுவும் புது இலையில கூடுதலா மொளைக்கும்.

இத்தனையும் செய்யுறதுக்கு உத்தரவு குடுக்குற ஹார்மோன் ஒண்ணுதான், ஜாஸ்மோனிக் அமிலம், சுருக்கமா ஜாஸ்மோனேட். மதுரைக்காரங்களுக்கு இதுல ஒரு சொந்தம் உண்டு, 1962ல இதோட மெத்தில் வடிவத்த மொத மொதல்ல பிரிச்சு எடுத்தது பிச்சிப்பூ எண்ணெயிலதான். அப்ப அது வெறும் வாசனைப் பொருள், செடியோட காவலுக்கும் அதுக்கும் சம்பந்தம்னு யாருக்கும் தோணல. 1990ல ஃபார்மரும் ரயனும் ஒரு மூடுன ஜாடிக்குள்ள தக்காளிச் செடி பக்கத்துல மெத்தில் ஜாஸ்மோனேட் ஆவிய விட்டாங்க, இலையில ஒரு காயம் இல்ல, ஆனா இன்ஹிபிட்டர் மளமளன்னு சேந்துருச்சு. அதுலதான் கதவு தெறந்துச்சு.

வேலை நடக்குற விதம் இப்பிடி. புழு கடிச்சதும் இலைச் செல்லுக்குள்ள பச்சையம் இருக்குற பசுங்கணிகத்தோட சவ்வுலருந்து லினோலெனிக் அமிலம்னு 18 கார்பன் உள்ள கொழுப்பு அமிலம் அவுந்து வருது, லிப்பாக்சிஜினேஸ், அலீன் ஆக்சைடு சிந்தேஸ்னு வரிசையா சில என்சைம் அத மாத்தி மாத்தி கடைசியில ஜாஸ்மோனிக் அமிலமா ஆக்குது, அதோட ஐசோலூசின்னு ஒரு அமினோ அமிலம் ஒட்டிக்கிட்டாத்தான் அதுக்கு முழு அதிகாரம் வரும். சாதாரண நாள்ல பாதுகாப்பு ஜீன்கள ஓட்டுற எம்ஒய்சி2ங்குற புரோட்டீன ஜாஸ்னு ஒரு புரோட்டீன் கூட்டம் பிடிச்சு வச்சிருக்கும். ஹார்மோன் வந்து சிஓஐ1ங்குற ஏற்பியில உக்காந்ததும் அந்த ஜாஸ செல்லே சுக்குநூறா ஒடைச்சுப் போட்டுரும். வாடிவாசல்ல மூக்கணாங்கயித்த அறுத்துவிட்ட மாடு மாதிரி எம்ஒய்சி2 பாஞ்சு வெளிய வரும், இன்ஹிபிட்டர், ஆர்ஜினேஸ் எல்லாத்துக்கும் ஜீன் ஓட ஆரம்பிச்சுரும். இந்த ஜாஸ் விஷயம் 2007லதான் தெரிய வந்துச்சு, அவ்வளவு புதுசு.

ஒரு இலைய கடிச்சா இன்னொரு இலைக்கு எப்பிடி தெரியுதுங்குறதும் பாதி பாதியாத்தான் வெளங்கி வந்துச்சு. 1991ல ரயன் குரூப் தக்காளி இலையில 18 அமினோ அமிலம் கொண்ட சிஸ்டமின்னு ஒரு குட்டிப் புரோட்டீன பிடிச்சாங்க. அப்பறம் ஒட்டுக்கட்டி பாத்த சோதனை ஒண்ணு எனக்கு ரொம்ப பிடிச்சது, ஜாஸ்மோனேட் செய்யத் தெரியாத தக்காளி ஒண்ணு, ஜாஸ்மோனேட்ட உணரத் தெரியாத தக்காளி இன்னொண்ணு, ரெண்டையும் மேலயும் கீழயும் மாத்தி மாத்தி ஒட்டுக்கட்டி 2002ல பாத்தாங்க. கடிபடுற இலைக்கு ஹார்மோன் செய்யத் தெரியணும், தூரத்து இலைக்கு அத உணரத் தெரியணும், அது போதும்னு வந்துச்சு. 2018ல டொயோட்டாங்குற ஜப்பான்காரரும் கில்ராயும் ஒரு சின்ன செடியில கால்சியம் அலை போறத ஒளிரவிட்டு வீடியோவே எடுத்துட்டாங்க, கடிச்ச எடத்துல குளுட்டமேட் கசியுது, அங்கருந்து ஒரு செகண்டுக்கு கிட்டத்தட்ட 1 மில்லிமீட்டர் வேகத்துல அலை கெளம்பி ஓரிரு நிமிஷத்துல அடுத்த இலைக்கு போயிருது. செய்தி நிமிஷத்துல போயிருது, ஆனா இன்ஹிபிட்டர் போதுமான அளவு சேர பல மணி நேரம், சமயத்துல ஒரு நாள் ரெண்டு நாள் ஆகும். அதனால செடியோட இந்தக் காவல் பெரிய புழுவ விரட்டாது, குஞ்சுப் புழுவத்தான் வளரவிடாம அமுக்கும்.

ஆஸ்பிரின் எங்க கைய வைக்குது

இப்ப மாமாவோட மாத்திரைக்கு வருவோம். அந்த வீடியோக்காரர் சொன்னது முழுக்க கட்டுக்கதை இல்ல. 1979ல இங்கிலாந்துல ரோதம்ஸ்டட் ஆராய்ச்சி நிலையத்துல வொய்ட்ங்குறவரு புகையிலைக்கு ஆஸ்பிரின் குடுத்தா மொசைக் வைரஸ அது நல்லா தாங்குதுன்னு காட்டுனாரு. காரணம், செடிக்குள்ள சாலிசிலிக் அமிலம்னு இன்னொரு ஹார்மோன் இருக்கு, அது உயிருள்ள திசுவுல ஒட்டி வாழுற கிருமிக்கு எதிரான பாதுகாப்ப எழுப்பிவிடும். ஆஸ்பிரின் அதோட நெருங்கின சொந்தம், செடிக்குள்ள போய் அந்த வேலையத்தான் செய்யுது.

ஆனா செடிக்கு எதிர்ப்புசக்தின்னு ஒத்தையா ஒரு விஷயம் இல்ல. கிருமிக்கு ஒரு லைன், புழுவுக்கு இன்னொரு லைன், ரெண்டும் ஒண்ணையொண்ணு அமுக்கும். தக்காளியில இது ரொம்ப நாளாவே தெரிஞ்ச விஷயம். 1988லயே ஆஸ்பிரின் குடுத்த தக்காளி நாத்துல இலைய காயப்படுத்துனாலும் இன்ஹிபிட்டர் சேரலன்னு பாத்துட்டாங்க. 1993ல ஏன்னு சொன்னாங்க, ஜாஸ்மோனேட் உற்பத்தியவே அது தடுக்குது. 1995ல ரயன் குரூப்பே சாலிசிலிக் அமிலம் குடுத்துட்டு சிஸ்டமின் குடுத்தாலும் ஜாஸ்மோனேட்டே குடுத்தாலும் இன்ஹிபிட்டர் வரத்து அடங்கிப்போகுதுன்னு காட்டுனாங்க, அப்ப உற்பத்தியில மட்டும் இல்ல, அதுக்குப் பின்னாடியும் அடைக்குது.

இதுல எனக்கு மயிர்க்கூச்செறிஞ்ச எடம் ஒண்ணு இருக்கு. நமக்கு தலவலிக்கு ஆஸ்பிரின் எப்பிடி கேக்குது? ஒடம்புல காயம் பட்டா அராக்கிடோனிக் அமிலம்னு 20 கார்பன் கொழுப்புலருந்து புரோஸ்டகிளாண்டின் உண்டாகுது, அதுதான் வலி, வீக்கம் எல்லாத்தயும் கெளப்புறது, அத செய்யுற என்சைம்ல ஆஸ்பிரின் போய் ஒட்டி நிறுத்திருது. இத 1971ல ஜான் வேன் கண்டுபிடிச்சாரு, 1982ல நோபல் வாங்குனாரு. செடியில காயம் பட்டா 18 கார்பன் கொழுப்புலருந்து ஜாஸ்மோனேட் உண்டாகுது, அந்த வரிசையில வர்ற அலீன் ஆக்சைடு சிந்தேஸ்லயும் ஆஸ்பிரின் அதே மாதிரி போய் ஒட்டுதுன்னு 1998ல பாத்தாங்க. ஆக மனுசனுக்கு எந்த வழியில வலிய அமுக்குதோ கிட்டத்தட்ட அதே வழியில செடிக்கும் காயத்தோட சேதிய அமுக்குது. புழு கடிச்சது செடிக்கு சரியா போய்ச் சேரல. மாமாகிட்ட இத சொன்னப்ப கொஞ்ச நேரம் பேசல, அப்பறம் "அப்ப நாந்தான் அதுக்கு மயக்க மருந்து குடுத்து புழுவுக்கு போட்டேனா"ன்னாரு. கிருமிய நெனச்சு நல்ல எண்ணத்துல செஞ்சது மாமா, அந்த வீடியோவுல ஒரு வார்த்த கூட புழுவப் பத்தி சொல்லல, தப்பு அங்க இருக்கு.

இது லேபுல மட்டும் நடக்குற சமாச்சாரம்னு யாரும் சொல்லக்கூடாதுன்னு இத சேக்குறேன். கலிஃபோர்னியாவுல தக்காளி வயல்லயே ஜெனிஃபர் தேலர் குரூப் 1999ல பாத்தாங்க, சாலிசிலிக் லைன தூண்டுற பிடிஎச்ங்குற மருந்த தெளிச்ச செடி பாக்டீரியா புள்ளிநோய தாங்குச்சு, ஆனா நம்ம புரோடீனியாவோட பங்காளியான ஸ்போடாப்டெரா எக்சிகுவா புழுகிட்ட தோத்துப்போச்சு. ஜாஸ்மோனேட் தெளிச்ச செடியில கதை தலைகீழ், செடி புழுவ தாங்குச்சு, ஆனா பிடிஎச் கூட சேத்து தெளிச்சா அது குடுத்த நோய்க் காவல் கொறஞ்சுச்சு.

வெள்ளை ஈயையும் இங்க சேத்துப் பாக்கணும். அது இலைய கடிக்கிறதில்ல, ஊசி மாதிரி வாய வச்சு சாறு உறிஞ்சுது, செடிக்கு அது கிருமி மாதிரி தெரியுது போல, சாலிசிலிக் லைன் எழும்பி ஜாஸ்மோனேட் லைன் அமுங்கிருது. 2007ல வாலிங் குரூப் இத காட்டுனாங்க, ஈயோட குஞ்சுக்கு அது வசதியாவும் போகுது. அப்ப மேக்கால பக்கத்து செடிக்கு வெள்ளை ஈ ஒரு பக்கம் அமுக்குது, ஆஸ்பிரின் மறுபக்கம் அதே லைன அமுக்குது, யூரியா வேற இலைய கொழுக்க வச்சிருச்சு. என் கணக்கு என்னன்னா மேக்க நடந்தது மூணும் சேந்த அடி, கிழக்கு ஓரத்து பாத்தியில நடந்தது ஆஸ்பிரினோட தனி அடி.

புழுவும் சும்மா இருக்குறதில்ல

அமெரிக்க காய்ப்புழு ஹெலிகோவெர்ப்பா சியா, நம்ம பச்சைக் காய்ப்புழுவுக்கு ஒறவு, அது எச்சில்லயே குளுக்கோஸ் ஆக்சிடேஸ்னு ஒரு என்சைம வச்சிருக்கு, புகையிலைய கடிக்கிறப்பவே அத துப்பி நிக்கோடின் சேரவிடாம பண்ணிருது, 2002ல கண்டுபிடிச்சது. அதே வருஷம் இன்னொரு குரூப், அதே புழு செடியோட ஜாஸ்மோனேட்ட மோப்பம் பிடிச்சு, விஷம் வர்றதுக்கு முன்னாடியே தன் ஒடம்புல விஷமுறிக்குற என்சைம தயார் பண்ணிக்குதுன்னு சொன்னாங்க. செடி பேசுறது புழுவுக்கும் கேக்குது.

கேக்குற இன்னொரு ஆள் குளவி. புழு கடிச்ச செடி காத்துல விடுற வாசனைய பிடிச்சு ஒட்டுண்ணிக் குளவி தேடி வந்து புழுவுக்குள்ள முட்டை வைக்கும். தேலரோட தக்காளி வயல்ல ஜாஸ்மோனேட் தெளிச்ச எடத்துல குளவி தாக்குன புழு சுமார் 2 மடங்கு. 2017ல ஓர்ராக்ங்குறவரு இன்னும் வேடிக்கையான ஒண்ண பாத்தாரு, மெத்தில் ஜாஸ்மோனேட் பட்ட தக்காளி இலை புழுவுக்கு பிடிக்காமப் போயி, பசி தாங்காம ஒண்ணையொண்ணு தின்ன ஆரம்பிச்சிருச்சு, செடி தப்பிச்சுச்சு.

அதுக்கப்பறம் என்ன செஞ்சோம்

ஆஸ்பிரின நிறுத்தியாச்சு. வளந்த புழுவுக்கு இனிமே செடிய நம்பி பிரயோஜனம் இல்ல, புரோடீனியா பகல்ல மண்ணுக்குள்ளயும் சருகுக்கு அடியிலயும் ஒளிஞ்சுகிட்டு ராத்திரிதான் மேயும், அதனால பொழுது சாஞ்சதும் டார்ச் அடிச்சு கையால பொறுக்குனோம், முட்டைக்குவியல் இருந்த இலையையும் குஞ்சு கூட்டமா சொரண்டிக்கிட்டு இருந்த இலையையும் கிள்ளி எரிச்சோம். மிச்சத்துக்கு எஸ்எல்-என்பிவி, அதாவது இந்தப் புழுவுக்கு நோய் வரவச்சு கொல்லுற வைரஸ் கரைசல், சாயங்காலம், கொஞ்சம் வெல்லம் சேத்து, ஏன்னா வெயில் பட்டா அந்த வைரஸ் செத்துரும். இதுல ஒரு நுணுக்கம் கவனிச்சுக்கங்க: அடிபட்ட தக்காளி இலையில உண்டாகுற குயினோன்ங்குற பொருள் இந்த மாதிரி வைரஸயே செயலிழக்க வைக்கும்னு ஃபெல்டனும் டஃபியும் 1990ல காட்டிருக்காங்க, அதாவது செடியோட காவல் பலமா இருந்தா நம்ம வைரஸ் மருந்தோட வேகம் கொறையலாம். அதனால என்பிவி அடிக்கணும்னா புழு பிஞ்சா இருக்கும்போதே, இலை ரொம்ப கடிபடுறதுக்கு முன்னாடி அடிக்கணும். மேக்க எங்களுக்கு அது லேட்டாத்தான் போச்சு, பாதிச் செடி தேறுச்சு, காய் ஒரு பறிப்பு தள்ளிப்போச்சு. கிழக்க பெருசா நஷ்டம் இல்ல.

வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டும் அட்டை, வேப்பங்கொட்டைச் சாறு 5 சதம், யூரியாவ பிரிச்சுப் பிரிச்சு குடுக்குறது. அடுத்த நடவுக்கு வரப்பு ஓரமா ஆமணக்கு போடச் சொல்லிருக்கேன், புரோடீனியா தாய்க்கு ஆமணக்கு இலைன்னா உசுரு, முட்டைய அங்க கொண்டுபோய் வைக்கும், இலையோட கிள்ளிறலாம். ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி வச்சா அந்துப்பூச்சி வரத்து முன்கூட்டியே தெரியும்.

அப்ப ஜாஸ்மோனேட்ட வாங்கி தெளிச்சா போதுமேன்னு மாமா கேட்டாரு, நீங்களும் கேப்பீங்க. புழு வராத நேரத்துலயும் அத தெளிச்சுகிட்டே இருந்தா செடி வளத்திய விட்டுட்டு காவலுக்கே சக்திய செலவு பண்ணும், செடி கட்டையாயிரும், காய்ப்பு அடிவாங்கும், நோய்க் காவலும் கொறையும். செடி இந்த ஹார்மோன கடிபட்டப்ப மட்டும் சட்டுனு ஏத்தி அப்பறம் எறக்கிருது, அத நாம டேங்கு கணக்குல ஊத்துறது வேற. நான் மாமாவுக்கு சொன்னது, கடையிலயோ வீடியோவுலயோ எதிர்ப்புசக்தி மருந்துன்னு எத காட்டுனாலும் மொதல்ல உள்ள என்ன இருக்கு, சாலிசிலிக் வகையா, எந்த நோய்க்கு, எந்தப் பூச்சிக்குன்னு கேளுங்க, பதில் சொல்லத் தெரியலேன்னா வாங்காதீங்க, சந்தேகம்னா ஒத்தக்கடை வேளாண் கல்லூரிக்கு ஒரு இலையும் புழுவும் எடுத்துட்டு போய் காட்டுங்க. அடுத்த நடவுல மேக்க கிழக்க ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி பராமரிச்சு, ஒரு பாத்திய மட்டும் வேணும்னே ஆஸ்பிரின் தெளிச்சு தனியா விடலாம்னு இருக்கோம், மாமாதான் அந்தப் பாத்திய தேர்ந்தெடுத்தாரு, இந்த தடவ அது வயலுக்கு நட்டநடுவுல.